ஒரே பெட்டிக்குள் ஏன் இவ்வளவு மெதுவு? மூன்று வருட பிராக்ஸ்மாக்ஸ் அனுபவம்

திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய ஒரு மொத்த மளிகைக் கடைக்கு மூன்று வருடமாக பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள்) ஓட்டிக்கொடுக்கிறேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, அதில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் (வி.எம்., அதாவது மென்பொருளால் ஆன கம்ப்யூட்டர்): பில்லிங்குக்கு விண்டோஸ், டேட்டாபேஸுக்கு லினக்ஸ். இதுவரை தானாக ஒருமுறைகூடப் படுத்ததில்லை, அந்த விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை.

குறை வேகத்தில்தான் வந்தது. "ரிப்போர்ட்டைக் கேட்டா டீ குடிச்சிட்டு வந்த பொறவும் சுத்திக்கிட்டே கெடக்குடே" என்றார் கடைக்கார அண்ணாச்சி. நான் செய்த முதல் காரியம் முட்டாள்தனம்: கேபிளை மாற்றினேன், ஸ்விட்சையும் மாற்றினேன், அதற்குக் காசும் வாங்கினேன். ஒரே பெட்டியில், ஒரே பிரிட்ஜில் (மென்பொருளால் ஆன ஸ்விட்ச்) இருக்கிற இரண்டு வி.எம். பேசிக்கொள்ளும்போது ஒரு பாக்கெட்கூட கேபிளுக்கு வராது, எல்லாம் மெமரிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும் என்பது தெரிந்தும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அப்புறம்தான் நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 போட்டு, இரண்டு வி.எம்.முக்கும் நடுவே அளந்தேன். 300 மெகாபிட்டைத் தாண்டவில்லை, ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. அந்த 100தான் துப்பு. விண்டோஸ் வி.எம்.முக்கு இ1000 என்ற நெட்வொர்க் கார்டு கொடுத்திருந்தேன், டிரைவர் போடாமலே விண்டோஸ் அதை அடையாளம் கண்டுகொள்ளும் என்ற சோம்பலில். அது இன்டெல்லின் பழைய ஜிகாபிட் கார்டைப் போல மென்பொருளில் நடிக்கிற ஒன்று, அந்த நடிப்புக்கே பிராசஸர் செத்துப்போகிறது. பிராக்ஸ்மாக்ஸில் இருக்கும் இன்னொரு கார்டு மாடலான விர்ட்ஐஓ அப்படி நடிப்பதில்லை, அதற்கு இருப்பது தான் வி.எம்.முக்குள் இருப்பது தெரிந்தே வேலை செய்கிற டிரைவர், அதனால் சுமை குறைவு.

ஆனித் தேரோட்டத்தன்று கடை அடைப்பு, அன்றைக்குத்தான் மாற்றினேன் (தேர் தாண்டும்வரை வெளியேயும் போக முடியாது, அது வசதியாகப் போயிற்று). விர்ட்ஐஓ டிரைவர் இருக்கும் ஐஎஸ்ஓவை (சிடிபோல மாட்டும் ஃபைல்) மாட்டி, கார்டு மாடலை விர்ட்ஐஓவுக்கு மாற்றி, ரீஸ்டார்ட். இங்கே ஒரு வில்லங்கம்: விண்டோஸ் இதைப் புது கார்டாகப் பார்க்கும், பழைய நிலையான ஐபி மறைந்துபோன பழைய கார்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த டிவைஸ்களைக் காட்டச் சொல்லி அதை நீக்கிவிட்டு ஐபியைப் போடுங்கள். மறுபடி அளந்தால் 10 ஜிகாபிட்டுக்கு மேல். ரிப்போர்ட் உடனே வந்தது.

போன வருடம் பேக்கப்புக்கு இரண்டாவது பெட்டி வைத்தபோது, சும்மா இருக்காமல் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, வழக்கமாக 1500 பைட்) 9000 ஆக்கினேன். பிங் போகிறது, லாகின் ஆகிறது, பெரிய ஃபைலைத் தூக்கினால் மட்டும் நின்றுவிடுகிறது! லினக்ஸில் துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் பிங் (தலைப்புக்கான 28 பைட்டும் சேர்ந்தால் 9000) அனுப்பியபோது பதிலே இல்லை, ஸ்விட்ச் பெரிய ஃப்ரேமைத் தின்றுகொண்டிருந்தது. திரும்ப 1500க்கே வந்துவிட்டேன். ஜிகாபிட் லைனில் 1500லேயே 940 மெகாபிட் கிடைக்கிறது, 9000 போட்டால் இன்னும் ஐந்து சதவீதம் கூடும், அவ்வளவுதான். சின்ன கடைக்கு அந்த வம்பு தேவையில்லை.

இப்போது ராத்திரி பேக்கப் மட்டும் மெதுவு. ஐபெர்ஃப்3 சுத்தமாக இருக்கிறது, ஆகவே நெட்வொர்க் இல்லை, ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருக்கும். எஸ்எஸ்டி வாங்கச் சொன்னால், அண்ணாச்சி அந்தக் கேபிள் பில்லை எடுத்துக் காட்டுகிறார்.