கட்டா, கரண்டா, கோயமுத்தூர் பிசியோவா: கபடிக்காரர் காலுக்கு எது சரி?

திருவிழா சீசன் ஆரம்பித்தால் கோபி, சத்தி, பெருந்துறை, காங்கயம் பக்கமெல்லாம் ராத்திரி லைட் போட்டுக் கபடி நடக்கும். மறுநாள் காலையில் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பையன் வீங்கிய கணுக்காலையோ முழங்காலையோ நீட்டி உட்கார்ந்திருப்பான். அவனை எங்கே கூட்டிப்போவது என்பதில் அப்பாவுக்கு ஒரு கருத்து, மாமாவுக்கு ஒரு கருத்து, டீம் கேப்டனுக்கு இன்னொன்று. பள்ளிக்கூட டீமைப் பார்த்துக்கொள்கிறவன் என்பதால் எல்லாப் பக்கமும் பையன்கள் போய் வந்ததைப் பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடமாடுகிற அளவுக்குத் தேறப் பல வழி இருக்கிறது, திரும்ப ரெய்டு போகிற அளவுக்குத் தேற விளையாட்டு பிசியோ, அதாவது விளையாட்டுக் காயங்களையே பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் வேண்டும். தினமும் வேண்டாம், ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தில் கட்டாயம் வேண்டும்.

முதலில் கட்டு வைத்தியம். எண்ணெய்க் கட்டு, புத்தூர் கட்டு என்று போர்டு இல்லாத ரோடு நம் பக்கம் குறைவு. நேரங்காலம் பார்க்காமல் கதவைத் தட்டலாம், தாத்தா காலத்திலிருந்து தெரிந்த குடும்பமாக இருக்கும், செலவும் கம்மி, அதனால் ஜனங்கள் போகிறார்கள். லேசான சுளுக்கென்றால் கட்டிவிட்ட முதல் இரண்டு மூன்று நாள் சுகமாகவும் இருக்கும். எனக்குப் பயமெல்லாம் நீவி விடுவதில்தான். தொடையில் முழங்கால் இடித்து உள்ளே ரத்தம் கட்டியிருக்கும்போது எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் கசிவு கூடும், சில பேருக்கு அந்தச் சதைக்குள்ளேயே சுண்ணாம்புச் சத்து சேர்ந்து எலும்பு மாதிரி கெட்டியாகிவிடும், அப்புறம் முழங்காலை முழுசாக மடக்க மாசக்கணக்கில் ஆகும். இறுக்கிக் கட்டியபின் விரல் மரத்துப்போனாலோ நிறம் மாறினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அப்போதே அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாதாரணச் சுளுக்கை வாரக்கணக்கில் கட்டியே வைத்திருந்தால் கெண்டைக்கால் சதை கண்ணுக்குத் தெரிய இளைத்துவிடுகிறது, மூட்டும் இறுகிவிடுகிறது.

கட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒன்று மட்டும் பாருங்கள். அடிபட்ட காலை ஊன்றி நாலு அடி வைக்க முடிகிறதா? கணுக்கால் முட்டி எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? நடக்க முடியாவிட்டாலும் சரி, எலும்பில் வலித்தாலும் சரி, முதலில் எக்ஸ்ரே. டாக்டர்களே இதை ஒட்டாவா விதி என்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது பக்கத்து டவுன் பிசியோதெரபி கிளினிக், பையன்கள் பாஷையில் ‘கரண்ட் வைக்கிறது’. இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பவரும் முறையாகப் பிசியோதெரபி பட்டம் படித்தவர்தான், திறமையில் குறைந்தவர் இல்லை. அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், தோள் இறுக்கம் என்று வருகிற பெரியவர்கள். நம் பையனுக்கும் அதே கட்டில், அதே இருபது நிமிஷம் ஐஎஃப்டி என்கிற லேசான கரண்ட், ஒலி அலையால் செய்கிற அல்ட்ராசவுண்ட், ஒத்தடம், அப்புறம் வீட்டுக்கு. வலிக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். கணுக்கால் சுளுக்குக்கு அல்ட்ராசவுண்ட் வைப்பதைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற உலக மருத்துவ ஆய்வுக் குழுவின் அலசலே, அதனால் பெரிய பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்கிறது. அதே கிளினிக்கில் ‘கரண்ட் வேண்டாங்க, உடற்பயிற்சி சொல்லிக் கொடுங்க’ என்று கேட்டுப் பாருங்கள், பல பேர் சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் பிசியோ பிரிவுக்குக் காசும் கிடையாது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும்.

சரி, மூன்றாவதான விளையாட்டு பிசியோவுக்கு வருவோம். முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் முடிந்த ஒரு ரெய்டரோடு கோயமுத்தூர் போயிருந்தேன். அந்த பிசியோ ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, “ஏந் தம்பி, போனஸ் எந்தக் கால்ல எடுப்பே?” பையன் முகம் மலர்ந்துவிட்டது. போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு கால் ஊன்றும்போது பின்கால் தரையில் படாமல் தூக்கியிருக்க வேண்டும். அந்த ஒரு நொடி மொத்த உடம்பும் ஒற்றைக்காலில் நிற்கிறது, அடுத்த நொடி அதே காலை உதைத்துப் பின்னால் திரும்பியாக வேண்டும். அவன் ஊன்றுகிற கால்தான் ஆபரேஷன் செய்த கால். அதனால் அவனுக்குப் பயிற்சியே அங்கேயிருந்து ஆரம்பித்தது: தரையில் சாக்பீஸ் கோடு, ஒற்றைக்கால் ஊன்றல், முழங்கால் உள்பக்கம் மடங்குகிறதா என்று எதிரே உட்கார்ந்து பார்த்தல், பிறகு திரும்புதல், பிறகு ஓடிவந்து திரும்புதல், கடைசியில் ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, பிறகு இருவர், கடைசியாகக் கைகோத்து மடக்குகிற சங்கிலிப் பிடி. வாலிபால் பையனுக்கு இதே முழங்காலில் வேறு கணக்கு, அவனுக்குக் குதித்து இறங்குவது எத்தனை தடவை என்பதுதான் விஷயம். வேகப்பந்து போடுகிற பதினாறு வயதுப் பையன் முதுகு வலி என்று சொன்னால், கீழ்முதுகு எலும்பில் விரிசல் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, வாரத்துக்கு எத்தனை ஓவர் போடுகிறான் என்று கேட்பவரிடம்தான் போக வேண்டும். ஓட்டக்காரர்களுக்குத் தொடையின் பின்சதை. முழங்காலில் நின்று யாராவது குதிகாலை அழுத்திப் பிடிக்க மெதுவாக முன்னால் சாய்கிற நார்டிக் பயிற்சியைத் தவறாமல் செய்கிற டீம்களில் அந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை, நம் கிராமத்து டீமில் செய்கிறவர்கள்தான் இல்லை.

ஜவ்வு ஆபரேஷனில் மூன்று வழிக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். மூணு நாலு மாசத்தில் வலி போய்விடும், பையன் மாடிப்படி ஏறுவான், பைக் ஓட்டுவான். கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக உள்ளே வைத்த தசைநாண் ஜவ்வாக மாறிப் பலப்பட அதைவிட ரொம்ப நாள் ஆகும். வலியை மட்டும் பார்க்கிற எந்த இடத்திலும் இந்த நேரத்தில் ‘ஆடலாம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். 2016-ல் வெளிவந்த நார்வே ஆய்வில், களத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாசம் வரை ஒவ்வொரு மாசம் தள்ளிப்போட்டதற்கும் மறுபடி அடிபடுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. விளையாட்டு பிசியோ மாசத்தோடு நிற்பதில்லை, டேப் பிடித்து அளக்கிறார்: ஒற்றைக்காலில் தாண்டுகிற தூரம் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது வர வேண்டும், தொடைச் சதையின் பலமும் அப்படியே. மாசியில் ஆபரேஷன் செய்தவன் வைகாசித் திருவிழாவில் ஆட வேண்டும் என்று நிற்கிற அப்பாக்களிடம் இந்த டேப் கணக்கைக் காட்டினால் கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்த வழியிலும் குறை உண்டு. கோயமுத்தூர், ஈரோடு, சேலம் என்று பெரிய ஊருக்குப் போக வேண்டும், சத்தியிலிருந்து போய்வர அரை நாள் போகும், கட்டணமும் கூடுதல். ‘ஸ்போர்ட்ஸ்’ என்று போர்டு வைத்துவிட்டு உள்ளே அதே கட்டில், அதே கரண்ட் வைக்கிற இடமும் இருக்கிறது. ஓட, குதிக்க இடமில்லாத அறையைப் பார்த்தாலே திரும்பி வந்துவிடலாம். கலர் டேப் ஒட்டி அனுப்புவதையும் ஜிம் மாஸ்டர் சொல்கிற ஸ்குவாட்டையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டியதில்லை, அவை துணைக்கு மட்டும்.

வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் 2021 ஐபிஎல் நடுவில் முழங்கால் காயத்தோடு விலகி ஆபரேஷன் செய்துகொண்டபோது அவரைப் பார்த்துக்கொள்ள கிரிக்கெட் வாரியம் இருந்தது. நம் ஊர் ரெய்டருக்கு அப்படி யாரும் இல்லை, அதனால் நான் சொல்வது கலப்பு வழி. லேசான சுளுக்குக்குப் பக்கத்து கிளினிக் போதும், உடற்பயிற்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டால் சரி. ஜவ்வு ஆபரேஷன், திரும்பத் திரும்ப வருகிற சுளுக்கு, பந்து வீசுகிறவர் முதுகு, இவற்றுக்கு விளையாட்டு பிசியோவிடம் முதலில் ஒரு தடவை, அப்புறம் மாசம் ஒரு தடவை, களமிறங்கும் முன் டெஸ்ட்டுக்கு ஒரு தடவை. நடுவில் தினசரிப் பயிற்சி ஊரிலேயே, டவுன் கிளினிக் மேற்பார்வையில். போகும்போது அடிபட்ட மேட்ச் வீடியோ போனில் இருந்தால் கொண்டுபோங்கள், பாதி விளக்கம் அதிலேயே முடியும்.

பெண்பிள்ளைகள் டீம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழிவது அதிகம், ஆனால் கட்டோடு வீட்டில் உட்காரவைப்பது அவர்களைத்தான். கிளினிக்குக்குப் போன் செய்யும்போதே பெண் பிசியோ இருக்கிறாரா, எந்த நாள் வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் கூடக் கூட்டிப்போங்கள், வீட்டுப் பயிற்சியை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளப்போவது அவர்தான்.