வால்பாறை – கொச்சி பேக்கேஜ்: 14,500 ரூபாய் போச்சு, உஷார்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வால்பாறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு கார், ஒரு ராத்திரி ரூம், மறுநாள் துறைமுகப் பக்கம் படகு சவாரி, எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். ஓர் ஆன்லைன் டிராவல் தளத்தில் கட்டினேன். புகார் போய்க்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

நம்ப வைத்தது போனில் பேசியவர்தான். அசல் கோயமுத்தூர்ப் பேச்சு. "மலக்கப்பாறை காட்டுவழிங்க, பொழுது சாஞ்சா விடமாட்டாங்க, காலைலயே கிளம்பிருங்க. செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பாட்டிலை எண்ணுவாங்க, கம்மியா வெச்சுக்கங்க." அத்தனையும் உண்மை. குழந்தைக்கு வாந்தி வருமா என்றுகூடக் கேட்டார். "முழுசாக் கட்டிட்டீங்கன்னா டோல், பெர்மிட் எல்லாம் நம்ம கணக்குங்க." உடனே யூபிஐயில் அனுப்பிவிட்டேன்.

கார் சொன்ன நேரத்துக்கு வந்தது. சோலையாறு தாண்டும்வரை தேயிலை, பனி, ஹாரன் சத்தமே இல்லாத ரோடு. கேரள எல்லையில் இருக்கிற மலக்கப்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர் ஓரங்கட்டினார். "கேரளா பெர்மிட் போடலைங்க, ஆபீஸ்ல காசு தரலை. மூவாயிரம் குடுத்தீங்கன்னா போட்டுட்டுத் தாண்டிக்கலாம்." சிக்னல் கிடைத்த மேட்டில் நின்று ஆபீஸுக்கு அடித்தேன். "லைன்ல இருங்க சார்" என்று பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து லைனும் போனது. டிரைவர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். அவருக்கே பழைய பாக்கி நிற்கிறதாம், அவரைத் திட்டி என்ன?

அங்கிருந்து சாலக்குடிக்கு பஸ் இருந்ததால் பிழைத்தோம். வாழச்சால், அதிரப்பள்ளி எல்லாம் ஜன்னல் வழியே போயின, யாருக்குப் பார்க்க மனசு? எறணாகுளத்துக்குள் நுழையும்போது ஆபீஸ் விடும் நேரம், நெரிசல். படகு பிடித்து ஃபோர்ட் கொச்சி போனால், ரிசப்ஷன் பையன் நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினான். என் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு. காலை 11 மணிக்கே கேன்சல். நான் அந்த மேட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நேரம்!

அதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். முதலில் "48 மணி நேரத்தில் ரீஃபண்ட்". அப்புறம் "சம்பந்தப்பட்ட டீம் பேசும்". கடைசியில் மெயில்: பயணி பாதி வழியில் தானே இறங்கிக்கொண்டார், பணம் திரும்பாது. தானே இறங்கினேனாம்! கைக்குழந்தையும் மூன்று பெட்டியுமாக, யானை நடமாடுகிற காட்டோரத்தில்! அந்தக் கோயமுத்தூர்க்காரர் நம்பர் இப்போது சுவிட்ச் ஆஃப். 14,500 ரூபாய் சார், 14,500.

விவரமாக டிப்ஸ் எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். பெர்மிட் யார் பொறுப்பு என்று வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்குங்கள். கிளம்பும் முன் ஹோட்டலுக்கு நீங்களே போன் போடுங்கள். அந்தப் படகு சவாரிக்குத் தனியாகக் காசே வேண்டாம், எதிர்க்கரை வைப்பின் தீவுக்குப் போகும் ஃபெரியில் சில்லறைக் காசுக்கே சீன மீன்வலை, கப்பல் எல்லாம் தெரிகிறது. நுகர்வோர் உதவி எண் 1915, நான் பதிந்தாயிற்று. இதே குரலில் யாருக்காவது போன் வந்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.