பால் இல்லாத காப்பிக்கு ரெண்டு ஸ்டார், கொள்ளு பருப்புக்கு அஞ்சு

கோயமுத்தூர் சரவணம்பட்டில சத்தி ரோட்ட விட்டு உள்ள தள்ளி இருக்குற இந்த மெஸ்ஸுல நானும் எங்கூட்டுக்காரரும் மத்தியான சாப்பாடு மாசக்கணக்குக்கு வாங்கிட்டு இருக்கோமுங்க. கறி முட்டை மட்டும் இல்ல, பாலு தயிரு மோரு நெய்யி தேனு ஒண்ணும் கெடையாது, செடிகொடில வெளையுறது மட்டுந்தான். நாங்க ரெண்டு பேருமே காங்கேயம் பக்கம், எருமை கட்டி சொசைட்டிக்கு பால் ஊத்துன குடும்பம், "நெய்யில்லாத அரிசிம்பருப்புக்கு பட்டினியே கெடக்கலாம்"னு எங்க மாமியா இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்காங்க. கொள்கை கிள்கை எல்லாம் ஒண்ணுமில்லீங்க, அவருக்கு செக்கப்புல எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் 170 தாண்டிருச்சு, சுகரும் பார்டர்ல நின்னுச்சு, டாக்டர் மொதல்ல சாப்பாட மாத்துங்கன்னாரு, அவ்ளோதான்.

மொதல்ல ருசிய சொல்லிர்றேன். கொள்ளு பருப்பு அடிச்சுக்க ஆளில்ல. நல்லா வறுத்து வேக வச்சு, சின்ன வெங்காயம் பூண்டு வரமொளகா சீரகம் கொத்தமல்லி போட்டு கொஞ்சம் கொரகொரன்னு ஆட்டுறாங்க, வேகவச்ச தண்ணிய கீழ ஊத்தாம அதுலயே ரசம். அரிசிம்பருப்புக்கு கடலெண்ணெ தாளிப்பு, மேல ஒரு கரண்டி செக்கு நல்லெண்ணெ, அரிசிய விட பருப்பு தூக்கலா இருக்கும், இதுதான் எனக்கு புடிச்சதே. தட்டப்பயிறு கத்திரிக்கா கொழம்பு, பச்சப்பயிறு கடைசல், முருங்கக்கீரை பொரியல் எல்லாம் நம்மூட்டு ருசி. கீரைக்கு பக்கத்துல எப்பவும் ஒரு எலுமிச்சம்பழத் துண்டு வைக்கிறாங்க, சும்மா அழகுக்குன்னு நெனச்சு ஓரமா தள்ளிராதீங்க, கீரை பருப்புல இருக்குற இரும்புச்சத்து ஒடம்புல அவ்வளவு சுளுவா ஒட்டாது, புளிப்புல இருக்குற வைட்டமின் சி தான் அத இழுத்து குடுக்கும். அதே மாதிரி சாப்பிட்ட கையோட டீ காப்பி குடிச்சா அந்த இரும்பு சரியா சேராது. இத கல்லாவுல இருக்குற அக்காவே சொல்றாங்க, சொல்லிட்டு அந்த பக்கமே காப்பியும் விக்கிறாங்க, அது வேற கதை.

ராகி களி வாரத்துல ஒரு நாள். ராகில கால்சியம் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் இருக்கு, பாலு தயிர விடுறவங்களுக்கு இது நெசமாவே முக்கியம். ஆனா களின்னா சுகர் ஏறாதுன்னு நம்மாளுங்க ரெண்டு உருண்டைய உள்ள தள்ளுறாங்களே, அது தப்புங்க. மாவா அரைச்சு கிண்டுன களி சீக்கிரம் செரிச்சு சுகர நல்லாவே ஏத்தும். இங்க ஒரு உருண்டைக்கு மேல கேட்டா "கொழம்பு இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்களா"ன்னு கேக்குறாங்க, முகம் சுளிக்காம. கெட்டிக்காரத்தனம்.

இந்த சாப்பாடு ஏன் வேலை செய்யுதுன்னு என் புத்திக்கு எட்டுன வரைக்கும் சொல்றேன், கேட்டுட்டு போங்க. பருப்பு பயிறு காயில இருக்குற கரையுற நார் கொடல்ல பித்த நீர புடிச்சு வெளிய கொண்டு போயிருது, ஈரல் மறுக்கா பித்தம் உண்டாக்கணும்னா ரத்தத்துல இருக்குற கொலஸ்ட்ரால எடுத்துத்தான் ஆகணும், அப்ப எல்டிஎல் எறங்குது. கறி நெய்யி வெண்ணெய்யில வர்ற கெட்டிக் கொழுப்பும் (சாச்சுரேட்டட் ஃபேட்டு) நின்னு போச்சுன்னா இன்னும் எறங்கும். எங்கூட்டுக்காரருக்கு சில மாசத்துல 170 போயி 140 கிட்ட வந்துச்சு, இடுப்பும் கொறஞ்சுது, ஆனா காலையில நடக்கவும் ஆரம்பிச்சாரு, அதனால பேரு முழுசையும் மெஸ்ஸுக்கு தூக்கி குடுக்க மாட்டேன். அமெரிக்காவுல அட்வென்டிஸ்ட்ங்கற கிறிஸ்தவ சபைக்காரங்க 70,000 பேருக்கு மேல வச்சு பாத்த ஆராய்ச்சி 2013ல வந்துச்சு, அதுல சைவம் சாப்பிடுறவங்க மத்தவங்கள விட 12 சதவீதம் கம்மியா செத்திருக்காங்க. ஆனா அந்த சபைக்காரங்க பெரும்பாலும் பீடி சிகரெட்டு சாராயம் தொடாதவங்க, அதையும் சேத்து சொல்லணுமில்ல.

நம்மூர்ல சைவத்துக்கு என்னங்க பஞ்சம், பரம்பரையா கறி தொடாத ஊட்டுலயும் சுகர் மாத்திர டப்பா இருக்குது. ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் சர்வேல 2023ல நாட்டுல பத்து கோடி பேருக்கு மேல சுகர்னு வந்துச்சு. புரட்டாசி வந்தா கறிய விட்டுர்றோம், விட்டுட்டு ஊத்துக்குளி வெண்ணெய் போட்ட ரோஸ்ட்டு, பன்னீர் பட்டர் மசாலா, பொழுதோட பஜ்ஜி. கறி போன எடத்துல என்ன வந்து உக்காருதுங்கறதுதான் விஷயம், குண்டான் நெறைய வெள்ளச்சோறு வந்து உக்காந்தா ஒரு புண்ணியமும் இல்ல. இந்த மெஸ்ஸுல சோறு கொஞ்சமாத்தான் போடுறாங்க, பயிறும் காயும் எலைல பாதிக்கு மேல இருக்கு. மொத வாரம் எங்கூட்டுக்காரரு "இதுக்கு 140 ரூவாயா, சோத்தயே காணோம்"னாரு, இப்ப பழகிட்டாரு. அந்த மொத வாரம் வயிறு உப்புசம், காத்து பிரியறது எல்லாம் இருக்கும், திடீர்னு நார்ச்சத்து ஏறுனா அப்படித்தான், தண்ணி நல்லா குடிச்சா சரியாயிரும்.

இப்ப கொறைக்கு வர்றேன். வெள்ளி சனி வந்தா இவங்களுக்கு தேங்காப்பால் பித்து புடிச்சிருது, குருமா தேங்காப்பால், சொதி தேங்காப்பால், பாயாசமும் அதுலதான். பொள்ளாச்சி பக்கத்துல இருந்துட்டு தேங்காய கொறை சொன்னா அடி விழும்னு தெரியும். தேங்காயில கொலஸ்ட்ரால் துளி கூட இல்லங்கறது நெசம், ஆனா அதோட எண்ணெய்யில 90 சதவீதம் பக்கம் கெட்டிக் கொழுப்பு, அது எல்டிஎல்ல ஏத்தும், கடலெண்ணெல அது 20 கூட வராது. எல்டிஎல் கொறைக்க வந்தவனுக்கு நெய்ய நிறுத்திட்டு தேங்காப்பால ஊத்துனா என்ன பிரயோசனம்? ரெண்டு தடவ சொல்லிட்டேன், சிரிக்கிறாங்க.

சோயா பள்ளிபாளையம் ருசின்னா ருசி, வரமொளகா கிள்ளிப் போட்டு தேங்காச்சில்லு சின்ன வெங்காயத்தோட, கண்ண மூடிட்டு தின்னா கோழியேதான். ஆனா உப்பு ஜாஸ்தி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராம் உப்புக்கு கீழதான் சொல்லுது, பிரஷர் இருக்குறவங்க அந்த தட்ட பாதியோட நிறுத்திக்கங்க. பேக்கரி அலமாரி பக்கம் போகவே வேண்டாம், பால் முட்டை இல்லாத கேக்குன்னு எழுதி வச்சிருக்காங்க, மைதாவும் அஸ்கா சக்கரையும் எந்த செடில காச்சாலும் மைதா அஸ்காதான். கச்சாயம் ஒண்ணு மட்டும் வாங்கலாம், அதுவும் நோம்பி நாள்ல.

கடலப்பருப்ப ஊற வச்சு அரைச்சு, பால் எடுத்து, மொளகா காம்பு போட்டு ஒறைய வச்ச தயிருன்னு ஒண்ணு தர்றாங்க, நான் சொல்றது வேர்க்கடலைங்க. மோர்க்கொழம்புக்கு நல்லா சேருது, பச்ச தயிராட்டம் சோத்துல பெசஞ்சா கடல வாசம் முன்னாடி வந்து நிக்குது. எருமத்தயிர்ல வளந்த நாக்கு ஒத்துக்க மாட்டேங்குது. இதுல கால்சியமும் பால் தயிர் அளவுக்கு இல்ல, அதனால ராகி கீரைய விட்டுராதீங்க. காப்பிய பத்தி தலைப்புலயே சொல்லிட்டேன், மாட்டுப்பாலுக்கு பதிலா ஊத்துறது திரிஞ்ச மாதிரி மேல மெதக்குது, வரக்காப்பி குடிச்சுக்கங்க.

இவங்கள நான் மதிக்கிறது ஒரு விஷயத்துக்குத்தான். மாசக் கணக்கு ஆரம்பிக்க போனா அந்த அக்கா மொத கேள்வியே "வைட்டமின் பி12 பாத்தீங்களா, மாத்திர எடுக்குறீங்களா"ன்னுதான் கேட்டாங்க. செடில இருந்து பி12 கெடைக்காது, பால் முட்டை கறி எல்லாத்தையும் விட்டா மாத்திர எடுத்தே ஆகணும். ஈரல்ல இருப்பு இருக்கறதால ஒண்ணு ரெண்டு வருஷம் கூட ஒண்ணும் தெரியாது, அப்பறம் கை கால் மரமரப்பு, மறதி, சோகைன்னு ஆரம்பிக்கும், இதுல கீரைல இருக்குற ஃபோலிக் ஆசிட் சோகைய மறைச்சும் விட்டுரும், நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுட்டே இருக்கும். சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறவங்களுக்கு அந்த மாத்திரையே பி12 சரியா சேர விடாது, அவங்க கண்டிப்பா டெஸ்ட் எடுத்துருங்க. சுகருக்கு ஊசி போடுறவங்க திடீர்னு சோத்த கொறைச்சா லோ சுகர் ஆயிரும், டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாத்துங்க. கிட்னி கோளாறு இருக்குறவங்க இந்த கீரை பயிறு ராஜ்ஜியத்துக்கு தானா போயி உழுவாதீங்க, பொட்டாசியம் பிரச்சனை இருக்கு.

மத்தபடி எடம் சுத்தம், எலைல போடுறாங்க, பார்சலுக்கு சொந்த டிபன் கேரியர் கொண்டு போனா பத்து ரூவா கம்மி. வண்டி நிறுத்த எடமில்ல, கார் கொண்டு போயிறாதீங்க. சனிக்கெழம சந்தகை (இடியாப்பமாட்டம் இருக்கும்) போடுவாங்க, எலுமிச்ச சந்தகை எடுங்க, தேங்காப்பால் சந்தகை வேண்டாம், ஒரு மணிக்கு மேல போனா ரெண்டும் இருக்காது.