எடைக் குறைப்பு அறுவைசிகிச்சைக்காக ஒரு கோவைப் பயணம்

என் கணவருக்கு 124 கிலோ எடை, நெடுநாள் சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சுத் தடை. லண்டனில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை வழியாகப் போனால் முதலில் எடைக் குறைப்புக் குழு, பிறகு உளவியல் மதிப்பீடு, அப்புறம் காத்திருப்போர் பட்டியல். எங்கள் வட்டாரத்தில் அந்தப் பட்டியல் நகர்வதாகவே தெரியவில்லை. பலர் துருக்கிக்குப் பறக்கிறார்கள். எங்களுக்குச் சிங்காநல்லூரில் மாமியார் வீடு இருக்க, துருக்கி எதற்கு என்று கோவைக்கு டிக்கெட் போட்டோம். குறையும் சொல்லப் போவதால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை.

விசாரித்த அன்றே ஒருங்கிணைப்பாளர் பேக்கேஜ் விலையை அனுப்பிவிட்டார். ஸ்லீவ் அறுவைசிகிச்சை, தனி அறை, விமான நிலையத்திலிருந்து கார் எல்லாம் சேர்த்து. ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ.) 27.5-ஐத் தாண்டினாலே இச்சிகிச்சையை முன்வைக்கலாம் என்று 2022-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மனிதர் என்னையும் ஏற இறங்கப் பார்த்தார்.

அறுவை மருத்துவர் வேறு ரகம். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்துவிட்டு, ஸ்லீவ் வேண்டாம் என்றார். அதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுத்து, மீதியை ஒடுக்கமான குழாயாக்கிவிடுவார்கள். உள்ளே அழுத்தம் கூடும். ஏற்கெனவே அமிலம் மேலேறுகிறவருக்கு நெஞ்செரிச்சல் இன்னும் மோசமாகலாம். கணவருக்கு அது பல வருடத் தொல்லை. ஆகவே இரைப்பை பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறு பையாக்கி, குடலின் ஒரு பகுதியைச் சுற்றிவிட்டு அதோடு இணைப்பது. விலை ஏறியது, ஒருங்கிணைப்பாளரின் முகம் மலர்ந்தது. எடைக்கு இப்போது ஊசி வந்திருப்பதையும், நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதையும் மருத்துவர் தாமாகவே சொன்னார். தையல் கசிவு, ரத்தப்போக்கு, காலில் உறையும் ரத்தக்கட்டி நுரையீரலை அடைப்பது என ஆபத்துகளையும் மறைக்கவில்லை. 2024-இல் சென்னைப் புறநகர் ஒன்றில் இத்தகைய சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் இறந்ததைப் பற்றிக் கேட்டேன். முகம் சுளிக்காமல், "தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா, இரவில் மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா என்று கேளுங்கள் அம்மா" என்று எனக்குக் கேள்வி எடுத்துக் கொடுத்தார். கேட்டேன். இரண்டுக்கும் ஆம் என்றார்.

அது வீண்போகவில்லை. அறுவைசிகிச்சைக்கு மறுநாள் இரவு நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டியது. காய்ச்சல் இல்லை, சொல்லும்படியான வலியும் இல்லை. பணியிலிருந்த செவிலியர் இளம்பெண். காலையில் பார்க்கலாம் என்று விடாமல் கையோடு மருத்துவரை அழைத்தார். தையலில் கசிவு இருந்தால் வலிக்கு முன்பே துடிப்பு ஏறிக் காட்டிக்கொடுக்கக்கூடுமாம். நள்ளிரவில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கசிவு இல்லை, நீர்ச்சத்துதான் குறைந்திருந்தது. லண்டனிலும் இதைவிட வேகமாகப் பார்த்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

அதன்பின் முப்பது மில்லி பிளாஸ்டிக் கோப்பையில், மடக்கு மடக்காகத் தண்ணீர். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வாய் ரசம் சாதம் சாப்பிட்டால்தானே கண்ணு தெம்பு வரும்" என்று டிபன் கேரியரைத் திறந்தார். பார்க்க வந்த உறவினர்கள் மைசூர்பா பெட்டியோடு வந்தார்கள். டயட்டீஷியன் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பைபாஸுக்குப் பிறகு இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் வியர்த்து, படபடத்து, தலைசுற்றும் என்று பொறுமையாக விளக்கினார். மைசூர்பா செவிலியர் அறைக்குப் போனது. எடை குறையத் தொடங்குமுன்பே சர்க்கரை இறங்கி, மாத்திரைகளில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் கோளாறு. பில் நான்கு பக்கம், சம்மரி அரைப் பக்கம். குடலை எவ்வளவு நீளம் சுற்றிவிட்டார்கள் என்பது இல்லை, ஆயுளுக்கும் எடுக்க வேண்டிய சத்து மாத்திரைகளும் இல்லை. பணம் கட்டும்வரை நாளுக்கு மூன்று முறை அழைத்த ஒருங்கிணைப்பாளர் இப்போது போனை எடுக்கவில்லை. புறநோயாளிப் பிரிவின் வாசலில் காத்திருந்து மருத்துவரையே பிடித்தேன். அவர் கைப்பட எழுதிக் கொடுத்தார்: பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரைப்பையும் குடலும் சேரும் இணைப்பில் புண் வரும் என்பதால் ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை கூடாது, எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேராமலிருக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை, வாந்தி நிற்காவிட்டால் உடனே தயமின் (வைட்டமின் பி1), இல்லையேல் மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். இவ்வளவும் பேக்கேஜில் சேராத இலவச இணைப்பு!

லண்டனில் அந்தத் தாள்தான் எங்களுக்குத் துணை. என்.எச்.எஸ்.ஸில் செய்திருந்தால் இரண்டாண்டுகள் சிறப்புக் குழுவே கவனித்திருக்கும். வெளிநாட்டில் காசு கொடுத்துச் செய்துகொண்டவரை அந்தக் குழு ஏற்கவில்லை. குடும்ப மருத்துவர் முணுமுணுத்தபடி ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். இரும்புச்சத்து குறைந்திருந்தது. நான்காம் மாதம் தலைமுடி கொத்தாகக் கொட்டியது. பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும் என்கிறார்கள். எடை முப்பது கிலோவுக்கு மேல் இறங்கியிருக்கிறது, தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதில்லை, வயிற்றுத் தோல் மட்டும் தொங்குகிறது. பயணச் செலவைக் கணக்கிடுகிறவர்கள் வருடாவருடம் ஆகும் மாத்திரை, பரிசோதனைச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒருங்கிணைப்பாளர் திடீரென்று வாட்ஸ்அப்பில் வந்தார். கணவரின் பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்து ஒரு பாராட்டு வீடியோ வேண்டுமாம். முழுமையான அறுவைசிகிச்சைக் குறிப்பை அனுப்புங்கள், வீடியோ தருகிறோம் என்று பதில் போட்டிருக்கிறோம். நீல நிற டிக் விழுந்துவிட்டது, குறிப்பு இன்னும் வரவில்லை.