கறுப்புப் பின்புலமா, வெளிர்நீலமா? நியான் டெட்ராவின் நிறத்தை வைத்து ஓர் ஒப்பீடு

நீலக் கோடுள்ள சிறு வளர்ப்பு மீன்களான நியான் டெட்ராக்களுக்காகத் தொட்டி அமைத்தபோது, பின்கண்ணாடியில் கறுப்பு வினைல் ஒட்டுவதா, கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் வெளிர்நீலத் தாளை ஒட்டுவதா என்று யோசித்துக் கறுப்பைத் தேர்ந்தெடுத்தேன். விலையிலும் ஒட்டும் வேலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. நிறத்தில்தான் வேறுபாடு.

வெளிர்நீலம் தொட்டியை ஆழமாகவும் வெளிச்சமாகவும் காட்டும். ஆனால் நியானின் நீலக் கோடு அதனோடு கலந்து மங்கிவிடுகிறது. அதில் படியும் பச்சைப்பாசியும் உடனே கண்ணில் படும். கறுப்பில் பாசி அவ்வளவாகத் தெரியாது. உப்பு நீர் காய்ந்த வெள்ளைத் திட்டுகள் மட்டும் நன்றாகத் தெரியும்; அறையில் வெளிச்சம் கூடினால் முன்கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் ஆகிவிடும். இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

காரணம், பின்புலம் நம் கண்ணை மட்டுமல்ல, மீனின் தோலையே மாற்றுகிறது. தோலிலுள்ள நிறமிச் செல்களில், இருண்ட சூழலில் நிறமித் துகள்கள் செல் முழுவதும் பரவுகின்றன. வெளிர்ந்த சூழலில் அவை நடுவில் குவிய, மீன் வெளிறிப்போகிறது. இது சில நிமிடங்களிலேயே நடக்கத் தொடங்கும். அதே சூழல் வாரக்கணக்கில் நீடித்தால் செல்களின் எண்ணிக்கையே மாறும். மேலிருந்து விழும் ஒளியையும் தரையிலிருந்து எதிரொளித்து வரும் ஒளியையும் மீனின் கண் ஒப்பிட்டே இதை முடிவுசெய்கிறது என்பதால், பின்னால் கறுப்பு ஒட்டிவிட்டு அடியில் வெள்ளை மணல் பரப்பினால் பாதி வேலை வீணாகிறது. பின்புலத்தைவிட அடிமணலின் நிறத்துக்கே நான் முதலிடம் கொடுப்பேன். இலைச்சருகு படிந்த அமேசான் கருநீர் ஓடைகளிலிருந்து வந்த இந்த மீனுக்கு இருண்ட தரை இயல்பானதும்கூட.

விளக்கில் எனக்குத் தயக்கமே இல்லை: பகலொளி போன்ற 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி., நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம். சிவப்பும் நீலமும் தூக்கலாக உள்ள வண்ண விளக்குகள் மீனைப் பகட்டாகக் காட்டும். அந்தப் பகட்டு விளக்கை அணைத்ததும் போய்விடும். நியானின் நீலக் கோடு நிறமியே அல்ல. செல்களுக்குள் அடுக்கப்பட்ட குவானின் என்ற பொருளின் படிகத் தகடுகள் எதிரொளிக்கும் ஒளி. ஆகவே நீலம் குறைந்த மஞ்சள் விளக்கில் அது சோர்ந்துவிடும். வயிற்றோரச் சிவப்பைக் காப்பது உணவிலுள்ள கரோட்டினாய்டு என்னும் நிறமி. அதை மீனால் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. எந்த விளக்கும் அந்தக் குறையை ஈடுசெய்யாது.

டிஸ்கஸ் மீனுக்கு என் தீர்ப்பு தலைகீழாகும். அதில் பிஜன் பிளட் என்ற வகை, இருண்ட தொட்டியில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் போடும். அதனால் அதை வளர்ப்போர் வெளிர்நீலத்தையோ வெள்ளையையோ நாடுகிறார்கள். நண்பர்களின் தொட்டிகளில் பார்த்ததுதான் என் அனுபவம் என்பதால், இதில் நீண்டநாள் வளர்ப்பவர்களின் சொல்லே மேலானது.

கடையில் வாங்கும்போதும் இந்தக் கணக்கு உதவும். சென்னைக் கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளில் மணலில்லாத வெற்றுத் தொட்டியில், பளீரென்ற விளக்கின் கீழ் நியான்கள் ஒரே சீராக வெளிறி நின்றால் அஞ்ச வேண்டாம். கரிய மணலுக்கு வந்ததும் நிறம் ஏறும். விளக்கு போட்டுச் சற்று நேரம் ஆன பின்னும் ஒரு மீனின் கோட்டில் மட்டும் வெண்திட்டு விழுந்திருந்தால், அது நியான் நோய் என்ற தொற்றுநோயாக இருக்கலாம்; அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள்.