ஃபில்டர் கார்ட், சிலிக்கா ஜெல் ப்ரீதர்: பிறையில் சில வருட அனுபவம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின்களின் ஹைட்ராலிக்ஸை (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பகுதியை) பார்த்துக்கொள்வது என் வேலை. பம்பு, வால்வு என்று அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்த செலவைக் கண்கூடாகக் குறைத்தவை இரண்டு பொருள்கள்: எண்ணெயை வடிகட்டும், சக்கரம் வைத்த ஃபில்டர் கார்ட்; எண்ணெய் டேங்க் மேல் மாட்டி, உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ப்ரீதர்.

முதலில் ப்ரீதர். சிலிண்டர் நீளும்போது டேங்கில் எண்ணெய் இறங்கும், அந்த அளவுக்கு வெளிக்காற்று உள்ளே போகும். பினாங்குக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. மெஷின் நின்று டேங்க் ஆறியதும் அந்த ஈரம் மேல்தகட்டின் அடியில் துளித்துளியாகக் கட்டி எண்ணெயில் விழும். சாதாரண ப்ரீதர் மூடி தூசியைத்தான் பிடிக்கும். எங்களிடம் இருப்பது ஈரத்தை உறிஞ்சியதும் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் ஜெல். நிறம் அடியிலிருந்து மேலே ஏறும், மழை மாதங்களில் சீக்கிரமே ஏறிவிடும். செக் வால்வு வைத்த மாடல் விலை கூடுதல்தான். ஆனால் மெஷின் நிற்கும்போது ஜெல்லுக்குக் காற்றுப் படாததால் அதிக நாள் வருகிறது. அதையே வாங்குங்கள்.

அப்புறம் ஃபில்டர் கார்ட். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் தவறாமல் கேட்பார்கள்: "அண்ணே, சீல் உடைக்காத டிரம், புது எண்ணெய்தானே, இதையும் எதுக்கு ஃபில்டர் பண்ணணும்?" சரியான கேள்வி. டிரம்மில் வரும் எண்ணெய் புதியது, ஆனால் சுத்தமானது என்று சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகளே ஏறக்குறைய 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் புரொப்போர்ஷனல் வால்வில், உள்ளே நகரும் ஸ்பூலைச் சுற்றியுள்ள இடைவெளியோ சில மைக்ரான்தான். எண்ணெயின் சுத்தத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 4406 தரநிலையில் 18/16/13 என்று போட்டால், முதல் எண்ணான 18-க்கு, ஒரு மில்லிலிட்டரில் 4 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் 1,300 முதல் 2,500 வரை இருக்கலாம் என்று அர்த்தம். இவ்வளவு இருந்தும் அது நல்ல எண்ணெய்! அதனால் டிரம்மிலிருந்து டேங்குக்கு எண்ணெய் மாற்றுவதே எங்களிடம் கார்ட் வழியாகத்தான். ஓடும் மெஷினிலும் இணைத்து, டேங்க் கொள்ளளவைப் போல் ஏழு மடங்காவது சுற்றவிடுவோம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலை, ஃபில்டருக்குள் இருக்கும் வடிகட்டிப் பாகமான எலிமென்ட்டைக் கழற்றி அறுத்துப் பார்ப்பது. மடிப்பை விரித்து வெள்ளைத் துணிமேல் வைத்து டார்ச் அடித்தால் மெஷினின் உடம்பு தெரிந்துவிடும். மஞ்சளாக மின்னும் செதில் இருந்தால் பிஸ்டன் பம்பின் வெண்கலப் பாகம் தேய்கிறது. கறுப்பாக, நசுக்கினால் வளையும் துணுக்கு என்றால் ஏதோ ஒரு சீல் பிய்கிறது. பம்பு சத்தம் போடும் முன்பே ஆர்டர் கொடுக்க அவகாசம் கிடைத்தது இதனால்தான்.

குறைகளும் உண்டு. காலையில் எண்ணெய் ஆறிக் கெட்டியாக இருக்கும்போது, எலிமென்ட் அடைத்துவிட்டதைச் சொல்லும் இண்டிகேட்டர் சிவப்பு காட்டும். அதை நம்பி எலிமென்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், சூடேறிய பிறகு பாருங்கள். குழாயை மாட்டும் குயிக் கப்ளிங்கின் மூடி தொலைந்தால் கார்ட்டே அழுக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தண்ணீரை உறிஞ்சும் எலிமென்ட் கொஞ்ச ஈரத்துக்குத்தான் உதவும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் ஆயில் கூலரில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதை அடைக்காமல் எத்தனை எலிமென்ட் போட்டாலும் வீண்.

எலிமென்ட் விலையோடு அப்புறப்படுத்தும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (scheduled waste) விதிமுறைப்படி கழிவு ஹைட்ராலிக் எண்ணெயின் குறியீடு எஸ்டபிள்யூ 306, எண்ணெய் ஊறிய ஃபில்டருக்கு எஸ்டபிள்யூ 410. இரண்டையும் உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பட்ஜெட் சின்னதாக இருந்தால் முதலில் எல்லா டேங்குக்கும் ப்ரீதர் போட்டுவிடுங்கள். கார்ட் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.