மகோமேயா, சுமாகோவா? கிசோ மலையில் ஓரிரவு தங்குவதற்கு

ஜப்பானில் எடோ (இன்றைய டோக்கியோ) நகரையும் கியோத்தோவையும் மலைவழியே இணைத்த நகாசெண்டோ பெருவழியில் அந்நாளில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. அவற்றுள் 42ஆவது சுமாகோ, 43ஆவது மகோமே. இடையே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் மலைப்பாதை. நடந்து செல்பவர் இரண்டையும் பார்த்துவிடுவார் என்றாலும், இரவுக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சென்ற இலையுதிர்காலத்தில் நான் சுமாகோவைத் தேர்ந்தெடுத்தேன்; மகோமேயில் கழித்தது ஒரு முற்பகல் மட்டுமே. ஆகவே இந்த ஒப்பீடு சற்று ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும்.

அழகில் இரண்டும் குறைந்தவை அல்ல. மகோமே மலைச்சரிவில் அமைந்திருப்பதால் அதன் கல் பாவிய தெரு செங்குத்தாக ஏறுகிறது. மேலே நின்றால் 2191 மீட்டர் உயரமுள்ள ஏனா மலை தடையின்றித் தெரிகிறது. எழுத்தாளர் ஷிமாசாகி தோசோன் 1872இல் பிறந்த ஊர் என்பதால் இலக்கிய அன்பர்களுக்கு அங்கே கூடுதல் ஈர்ப்பு உண்டு. நகாட்சுகாவா இரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் அரை மணிக்குள் போய்விடலாம். சுமாகோ தாழ்வான பள்ளத்தாக்கில், பெரும்பாலும் சமதளமான தெருவோடு இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவருக்கு இதுவே போதிய காரணம்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. 1895, 1915 ஆகிய ஆண்டுகளின் தீவிபத்துகளில் மகோமேயின் பழைய வீடுகள் பெரும்பாலும் எரிந்துபோயின. இன்று காண்பவை அதன்பின் கட்டப்பட்டவை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். சுமாகோவை நலிவித்தது தீ அன்று, இரயில். 1911இல் சூவோ இரயில் பாதை முழுமையடைந்து வழிப்போக்கர்கள் குறைந்த பிறகு, புதுப்பிக்கப் பணமில்லாததாலேயே பழைய வீடுகள் இடிபடாமல் நின்றன. 1968இல் அவற்றைச் சீரமைக்கும் பணி தொடங்கியது. 1971இல் ஊரார் கூடி ஒரு சாசனம் வகுத்தனர்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. அரசு இவ்வூரைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடப் பகுதியாக அறிவித்தது 1976இல்தான். ஊரின் கட்டுப்பாடு அதற்கு ஐந்தாண்டு மூத்தது.

சாசனத்தின் மூன்று விதிகளில் நடுவில் உள்ளதே, அதாவது வாடகைக்கு விடுவதில்லை என்பதே, தங்குபவருக்கு முக்கியமானது. வெளியூர் வணிகருக்கு வீட்டை வாடகைக்கு விட முடியாதென்பதால், பகலில் கோஹெய் மோச்சி என்னும் அரிசிப் பலகாரத்தைச் சுட்டு விற்கும் வீட்டில் மாலையிலும் ஆள் இருக்கும். ஐந்து மணிக்குக் கடைகள் அடைந்து, கடைசிப் பேருந்தும் போன பின்னர் நான் தெருவில் நடந்தபோது, மின்கம்பிகள் கண்ணில் படாத அந்த இருட்டில் காகிதக் கதவுகளின் பின்னே விளக்கு எரிந்தது. யாரோ பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. காட்சிக்கூடத்தில் இந்த ஓசை கிடைக்காது. மகோமேயின் இரவும் இப்படித்தானோ என்னவோ. அதைத் தங்கியவர்தான் சொல்ல வேண்டும்.

இக்கட்டுப்பாட்டுக்கு ஒரு விலையும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: வாரிசு ஊரை விட்டுப் போனால், அந்த வீட்டில் புதியவர் குடியேறுவது எளிதன்று. விருந்தினருக்கும் சிறு இடர்கள் உண்டு. விடுதிகள் சில மட்டுமே; சுவர்கள் மெல்லியவை; குளியலறை பொது. உணவில் ஆற்று மீனும் மலைக்கீரையும் வரும்; சூப் எதுவாயினும் பெரும்பாலும் மீன் சேர்ந்திருக்கும் என்பதால், சைவ உணவினர் முன்பதிவின்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரவு உணவைத் தவறவிட்டால் வேறு கடை தேடிப் பயனில்லை.

சுமாகோவில் தங்குவதில் நடைக்கும் ஒரு வசதி உண்டு. மகோமேயிலிருந்து கிளம்பினால் சுமார் 800 மீட்டர் உயரத்திலுள்ள கணவாய் வரை இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான் ஏற்றம். பிறகு சுமாகோ வரை ஹினோக்கி மரங்களினூடே இறக்கம். கரடிகளை விலக்க வழியில் ஆங்காங்கே தொங்கும் மணிகளை நானும் அடித்தேன், சற்றுப் பலமாகவே. பெட்டியை ஒரு ஊரில் கொடுத்து மற்றதில் வாங்கிக்கொள்ளும் சேவை வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை மட்டுமே நடக்கிறது. பனிக்காலத்தில் நான் போனதில்லை; பெட்டியைச் சுமந்துகொண்டு உறைந்த கணவாயைக் கடப்பதைவிட, அப்போது மகோமேயில் இறங்கி அங்கேயே தங்குவது நல்லதாக இருக்கலாம்.